கழுவாதது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அபாண்டம். எனக்கு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கோபம் வரும். பழைய வெள்ளிக் காசை யாராவது கழுவிவிட்டால் வரும். மற்றபடி நான் தங்கமான மனுஷன். பட்டறையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். அவர்களைக் கேட்காதீர்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் எனக்கு டூவீலர் பட்டறை. வாரத்தில் ஆறு நாளும் முழங்கை வரை கிரீஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, பீரோவிலிருந்து காசு ஆல்பத்தை எடுத்து மேஜையில் வைப்பேன். "டாக்டரு ஆப்ரேசனுக்கு ரெடி ஆயிட்டாரு, யாரும் உள்ள போவாதீங்க" என்று மனைவி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். நான் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய வெள்ளி ரூபாய் கறுக்கும். காற்றும் வேர்வையும் காலமும் சேர்ந்து அதன் மேல் மெல்லிசாக ஒரு படலம் கட்டும். சிலதில் வெறும் கறுப்பு, சிலதில் பழுப்பு, அபூர்வமாகச் சிலதில் நீலமும் ஊதாவும் பொன்னிறமும் வளையம் வளையமாக வரும். மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் நிறம் காட்டுமே, அந்த மாதிரி. என்னைப் போன்ற கிறுக்கர்களுக்கு அந்தப் படலம் இருக்கிற வரைதான் அது காசு. தேய்த்து வெளுத்துவிட்டால் வெறும் வெள்ளி, எடைக்குப் போட வேண்டியதுதான்.

என்னிடம் ராணி தலை போட்ட ரூபாய் ஒன்று இருக்கிறது. ராணியின் கன்னத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே பழுப்பாகப் பதிந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ வெல்லம் தின்றுவிட்டுக் கை கழுவாமல் தொட்ட ஆசாமி. அவர் மட்டும் ஒழுக்கமாகக் கையைக் கழுவியிருந்தால் எனக்கு அந்தக் காசு கிடைத்திருக்காது. இன்னொன்று, கடையில் புதிதாக வாங்கிய வெள்ளிக் காசு. டப்பாவைத் திறக்கவே இல்லை, உள்ளுக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி கிளம்பிவிட்டது. எங்கள் வட்டாரத்தில் இதைப் பால் புள்ளி என்போம். மனைவி எட்டிப் பார்த்து, "தேமலுங்க இது. மெடிக்கல்ல களிம்பு விக்கிறான், ஒரு வாரம் தடவுங்க" என்றாள்.

களிம்பு தடவினாலும் தேவலை. ஒரு ஆயுத பூஜைக்கு, சாமிக்கு வைக்கிற காசு கரியாக இருக்கிறதே என்று நாலு ரூபாயை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கோடு சேர்த்துத் தேய்த்துவிட்டாள். நான் வீட்டில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஓட்டலில் புரோட்டா சாப்பிட்டேன், அது யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு காசுக்கும் சதுர அட்டை உறை போட்டு, அதன் மேல் வருஷம், எந்தத் தலை, என்னென்ன கறை என்று எழுதி வைப்பேன். என் கையெழுத்து எனக்கே புரியாது என்பதால் மகள் நாலாம் வகுப்பு படிக்கும்போதிருந்தே எழுதுகிற வேலை அவளுடையது. நான் கண்ணாடி லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் குண்டு குண்டாக எழுதுவாள். கடைசி வரி மட்டும் எல்லா அட்டையிலும் இரண்டில் ஒன்றுதான். 'கழுவாதது' என்றால் அவளும் நானும் கையைத் தட்டிக்கொள்வோம். 'கழுவியது' என்றால் அவளே உதட்டைப் பிதுக்கி, ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவாள்.

அந்த மகளுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. பொட்டு மாதிரி மச்சம் இல்லை. பழைய எட்டணா அளவு, வறுத்த காபிக்கொட்டை நிறம், ஒரு ஓரம் கொஞ்சம் கோணல். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தேன். குழந்தை வீறிட்டது. நர்ஸம்மா ஓடி வந்து என்னைக் கழுவிக் கழுவி ஊற்றினாள். அதற்கப்புறம் அந்த மச்சத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. அவளுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. இப்போது தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'மச்சம் மிஸ்' என்று சொல்வதை அவளே வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

கல்யாணப் பேச்சு எடுத்தபோதுதான் பொருட்டானது. நாலு இடம் வந்தது. ஜாதகம் பொருந்தும், பெரியவர்கள் போனில் நன்றாகப் பேசுவார்கள், படம் போகும். உடனே, "வூட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்ங்க" என்பார்கள். நாலு வீட்டிலும் இன்னும் கலந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள் போலிருக்கிறது. மனைவி அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மகளிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஜாதகம் தட்டிப்போச்சு என்று சொல்லி வைத்திருந்தோம்.

தரகர் அம்மா ஒருநாள் பட்டறைக்கே வந்து, "அண்ணே, பொண்ணு தங்கம். படத்த மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். நான் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் என் வயசுக்காரர், என்னிடம்தான் வண்டி விடுவார். மகளின் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, அந்தக் கன்னத்தின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு, "எடுத்துடட்டுமா? ரெண்டு கிளிக்குதான்" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. "எடுத்துடு" என்றேன். எடுத்தார். அவ்வளவு சுத்தமாக எடுத்தார்.

படம் நைனார்பாளையத்துக்குப் போனது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கரும்பும் மக்காச்சோளமும், கூடவே சொட்டுநீர்க் குழாய் கடையும். அன்று சாயந்திரமே போன் வந்துவிட்டது, புதன்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று. நான் வெற்றிச் சிரிப்போடு மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நேர்ல வரும்போது இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

"பவுடரு போட்டுக்கலாம்."

"எட்டணாவுக்கா?"

"லைட்ட கம்மி பண்ணிடலாம்."

"பொறந்த அன்னிக்கே ஈரத்துணி எடுத்தவன்தான நீ" என்றாள். அவள் 'நீ' என்று இறங்கிவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடிவிட்டேன்.

இது இப்படி இருக்க, அந்த வாரம் என் புத்தி முழுக்க வேறு ஒரு இடத்தில் இருந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில். அங்கே சாமையும் மரவள்ளியும் போடுகிற ஒருவர், பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவை என் பட்டறைக்கு வருவார். போன தடவை வந்தபோது என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த காசுப் படங்களைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒண்ணு எங்க வூட்லயும் கெடக்குதுங்கண்ணே. எங்கப்பா தீப்பெட்டிக்குள்ள போட்டு பரண்மேல வச்சது" என்று சொல்லி, போனில் படம் காட்டினார்.

போனைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினேன். ராஜா தலை ரூபாய். தீப்பெட்டி மருந்தின் கந்தகம் எத்தனையோ வருஷம் மெல்ல மெல்ல வேலை செய்திருக்கிறது. ஓரத்தில் நீலம், அதற்குள் ஊதா, நடுவில் தாடியைச் சுற்றிப் பொன்னிறம். என் ஆயுசில் அப்படி ஒரு காசைக் கையில் தொட்டதில்லை. காசு வேண்டாம், வண்டிக்குக் கார்பரேட்டரும் கிளட்ச் பிளேட்டும் போட்டுக் கொடுங்கள் போதும் என்றார். மொபெட்டே புதுசாக்கித் தருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்ல, வெள்ளிக்கிழமை போன் போட்டேன். மலையில் சிக்னல் ஒரு புள்ளிதான் நிற்கும். "காசக் கழுவாதீங்க!" என்றேன். "ஆங்?" என்றார். "கழுவாதீங்க! கழுவாதீங்க! யாரு சொன்னாலும் கழுவாதீங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்றார். நிம்மதியாக டீ குடித்தேன்.

ஞாயிறு காலை மகளும் கூட வருகிறேன் என்றாள். மலைக்குப் போய் ரொம்ப நாளாச்சு, காசுக்கு அட்டையும் நானே எழுதறேன் என்று பேனாவை எடுத்து வைத்துக்கொண்டாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உறைக்க ஆரம்பித்திருந்தது. வாசலிலேயே காத்திருந்தார்கள் புருஷனும் பெண்சாதியும். அந்தம்மா எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பரப்பி, அதன் மேல் காசை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

காசு பளபள என்று சிரித்தது. நேற்றுத்தான் அடித்துக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி ஒரு வெளுப்பு. ராஜாவின் தாடி மழுங்கி, அவர் அப்போதுதான் சலூனிலிருந்து வந்தவர் போல இருந்தார். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள்.

"நீலம் எங்கங்க?" என்றேன்.

அந்தம்மா பெருமையாகச் சொன்னார். "அத ஏன் கேக்கறீங்க, ரெண்டு நாளா தேச்சேங்க. மொதல்ல சாம்பலு. போவல. அப்புறம் புளி. அப்பவும் ஓரத்துல நீலம் நின்னுகினே இருந்துச்சி. அப்புறந்தான் பல்லு வெளக்குற பேஸ்ட்டு போட்டு பிரஷ்ஷால தேச்சேன். பட்டுனு வுட்டுடுச்சிங்க."

"யாருங்க உங்களக் கழுவச் சொன்னது?"

"நீங்கதாங்கண்ணே" என்றார் அவர் புருஷன், ஆச்சரியமாக. "ஒரு வாட்டியா ரெண்டு வாட்டியா? கழுவுங்க, கழுவுங்க, யாரு சொன்னாலும் கழுவுங்கன்னு அப்டி கத்துனீங்களே."

நான் 'கழுவாதீங்க' என்று அனுப்பினேன். நடுவிலிருந்ததை மலை தின்றுவிட்டு, 'கழுவுங்க' என்று இறக்கி வைத்திருக்கிறது. நம் பாஷையில் இது ஒரு தொல்லை. வேண்டாம் என்கிற சேதியை வார்த்தையின் நடுவயிற்றில் ஒளித்து வைத்திருக்கிறோம். முன்னாலேயே ஒரு 'வேண்டாம்' போட்டுவிட்டு ஆரம்பித்திருந்தால் ராஜாவுக்குத் தாடி மிஞ்சியிருக்கும்.

ஆனால் இந்த ஞானமெல்லாம் பிற்பாடு வந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம்தான். "ஏங்க, அது அழுக்கு இல்லீங்க! அதோட வயசு! அது இத்தினி வருசம் எப்டி இருந்துச்சோ அதான் அதும்மேல நெறமா நிக்கிது. அதத் தேச்சி எடுத்துட்டா அப்புறம் அது எந்தக் காசு? நாளைக்கு நானே இத ஒருத்தருக்குக் காட்டுனா இன்னா சொல்லுவாங்க? கழுவுன காசக் கழுவாததுன்னு ஒருத்தன் தலையில கட்டுறவன் இருக்கானே, அவன் பச்ச ஏமாத்துக்காரன்!" இதை ஒரு தடவை சொல்லி நிறுத்தியிருக்கலாம். இரண்டு தடவை சொன்னேன்.

அந்தம்மாவின் முகம் தொங்கிப்போனது. தட்டைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். புளியில் ஊறி நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "வூட்டுக்கு வர்றவங்களுக்கு கரியா இருக்கறத எப்டிங்க குடுக்கறது" என்றார் மெதுவாக.

மகள் பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளு இல்லை. "அப்பா, வாய மூடிக்கினு காச வாங்கு" என்று காதில் சொன்னாள். வாங்கிக்கொண்டேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. பரிகாரமாக மொபெட்டைப் பிரித்துப் போட்டு, சொன்னதற்கு மேலேயே வேலை பார்த்தேன்.

மத்தியானம் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் போட்டார்கள். அதற்குள் அந்தம்மாவும் மகளும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். "இது இன்னாம்மா கன்னத்துல?" என்று அந்தம்மா கேட்டது காதில் விழுந்தது.

"பொறந்ததுலருந்தே இருக்குக்கா."

"நல்லவேள, உங்கப்பா இதப் பத்தி எனக்கு போன் பண்ணல. புளி போட்டுருப்பேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தம்மாவும் சிரித்தார், புருஷனும் சிரித்தார். எனக்கு மட்டும் சாமைச் சோறு நெஞ்சில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டினார்கள்.

இறங்கும்போது நான் ஓட்டினேன், மகள் பின்னால். பாதி மலையில் ஒரு வளைவு உண்டு, அங்கே திடீரென்று சிக்னல் பாயும். அவள் போன் கீங் கீங் என்று அடிக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தாள்.

"வண்டிய நிறுத்துப்பா."

நிறுத்தினேன். போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தரகர் அம்மா அனுப்பியிருந்தாள். "நைனார்பாளையத்துக்கு அனுப்பின படம் இதாம்மா. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு இந்தப் பொடவை ரொம்பப் பிடிச்சிருக்காம். புதன்கிழமை இதையே கட்டிக்கோ." அதற்கு மேலே படம்.

"யாருப்பா இது?" என்றாள்.

"நீதான்."

"நல்லா பாத்து சொல்லு."

எல்லாரும் செய்வதுதான், ரெண்டு கிளிக்குதான், நாலு இடம் தட்டிப் போச்சும்மா என்று என்னென்னவோ உளறினேன். ஜாதகத்தால் தட்டவில்லை என்பதையும் அந்த உளறலில் நானே உடைத்துவிட்டேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம்தான், சமாளித்திருப்பேன். "அந்த அக்காவ இன்னா பேச்சு பேசுன? வெரலு வெந்து போயி நின்னாங்க. அதும்மேல இருக்கறது அழுக்கு இல்ல, வயசுன்ன. கழுவுனதக் கழுவாததுன்னு தலையில கட்டுறவன் ஏமாத்துக்காரன்ன. ரெண்டு வாட்டி சொன்ன." அப்புறம் கண்ணில் தண்ணீர் முட்ட, "என்னக் கழுவிட்டியேப்பா" என்றாள்.

ரோட்டோர மதகுச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் வண்டியின் கிளட்ச் ஒயரைச் சரிபார்ப்பது போல நின்றேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. என் சட்டைப் பையில் வெளுத்த ராஜா கனத்தார். அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

"நெஜப் படத்த இப்பவே அனுப்பு. இல்லன்னா புதன்கிழம நான் ரூம விட்டு வெளிய வரமாட்டேன்" என்றாள்.

"அவுங்க வேணான்னுட்டா?"

"வேணான்னா வேணாம். என்னப் பாத்துட்டு வேணான்னு சொல்லட்டும். இந்தப் பொண்ணு யாரோ. இவளுக்குக் கல்யாணம் ஆனா எனக்கு இன்னா, ஆவாட்டி எனக்கு இன்னா?"

அங்கேயே, மதகுச் சுவரில், இடது கன்னத்தில் வெயில் விழ, மூக்கு சிவந்து முறைத்துக்கொண்டிருந்தவளை என் போனில் படம் எடுத்தேன். அனுப்பினேன். பாய்ந்த சிக்னல் அதற்குள் ஒரு புள்ளிக்கு இறங்கியிருந்தது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. சரி, பேசிவிடுவோம் என்று மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஐயா, நான் அனுப்புன படம் சரியில்லீங்க" என்றேன்.

"சரிங்களா? ரொம்ப சந்தோசம். நாங்களும் சரின்னுதான் சொல்லிகினு இருக்கோம்."

மலை மறுபடியும் நடுவயிற்றைத் தின்றுவிட்டது. "அய்யோ, சரியில்லீங்க! சரியில்லீங்க!" என்றேன். "சரிங்க, சரிங்க, புதன்கிழம பாப்போம்" என்றார் அவர், என் உற்சாகத்தில் குளிர்ந்துபோய்.

இனி 'இல்லை' என்கிற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். பக்கத்துப் பாறை மேல் ஏறி நின்று, தொண்டை கிழிய, "மச்சம் இருக்குங்க! என் பொண்ணுக்கு மச்சம் இருக்குங்க! எட கன்னத்துல! எட்டணா சைஸ்ல! பெருசா இருக்குங்க! படத்துல நான்தான் எடுக்கச் சொன்னேன்! தப்பு என்னுதுங்க!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து வெள்ளிமலை பஸ் வளைவில் திரும்பியது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ஜன்னலுக்கு ஒரு தலை நீண்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யாருக்குங்க மச்சம்?" என்று கேட்டார். மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தவள் கையைத் தூக்கினாள்.

போனில் சத்தம் நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டதா, சம்பந்தம் போய்விட்டதா தெரியவில்லை. அந்தப் பக்கம் குசுகுசு என்று பேச்சு. அப்புறம் ஒரு பெண் குரல் வந்தது, மாப்பிள்ளையின் அம்மா.

"கேட்டுகினுதாங்க இருக்கோம். ஏங்க, நாங்களும் ஒண்ணு சொல்லணும். எங்க பையன் படத்துல முன்னாடி முடி இருக்குதுல்ல?"

"ஆமாங்க."

"அதுல பாதி அவன்து இல்லீங்க."

"அப்புறம் யார்துங்க?"

"ஸ்டுடியோக்காரரு வச்சதுங்க."

எந்த ஸ்டுடியோ என்று கேட்டேன். அதேதான். என் பெண்ணின் கன்னத்திலிருந்து எடுத்தவர்தான் அவர்கள் பையனின் நெற்றிக்கு மேல் நட்டிருக்கிறார். அடுத்த தடவை வண்டி விட வரட்டும், பிரேக்கைக் கழற்றி வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை தொப்பி இல்லாமல், தலையை நன்றாக எண்ணெய் போட்டு வாரி, இருப்பதை மறைக்காமல் வந்திருந்தார். மகள் பவுடர் போடவில்லை. அவர்கள் பக்கத்துச் சித்தப்பா ஒருவர் மட்டும் கன்னத்தையே பார்த்துக்கொண்டு கேசரியைத் தொடாமல் வைத்துவிட்டார். மகள் மாப்பிள்ளையை நேராகப் பார்த்து, "மீதி முடி எங்க?" என்று கேட்டாள். என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "ஸ்டுடியோல கழட்டி வச்சிட்டு வந்துட்டேன், உங்க மச்சத்துக்குத் தொணையா" என்றார் மாப்பிள்ளை. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோனது.

கல்யாணப் படத்தில் ஒரு பருவைக்கூட எடுக்கக் கூடாது என்று படம் பிடித்தவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை தனியாகப் போய், முன்னாடி மட்டும் கொஞ்சம் என்று கெஞ்சிப் பார்த்ததாகக் கேள்வி. நடக்கவில்லை.

எல்லாரோடும் கலகலப்பாகத்தான் இருந்தாள். என்னோடு மட்டும் அளந்து பேசினாள். சாப்பிட்டியாப்பா என்பாள், மாத்திரை போட்டியா என்பாள், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அட்டை எழுத உட்காரவில்லை. நானும் கூப்பிடவில்லை, கூப்பிட வாய் வரவில்லை. நைனார்பாளையத்துக்குக் கிளம்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கையைப் பிடித்து, "வரேன்ப்பா" என்றாள். நான் கார் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலை வளைவில் அவள் சொன்ன 'கழுவிட்டியேப்பா' இன்னும் காதில் நின்றது. நைனார்பாளையம் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் இரண்டு மாசம் நான் போகவில்லை, மனைவிதான் போய் வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொம்ப நாளைக்கு அப்புறம் கையுறை மாட்டிக்கொண்டு ஆல்பத்தை எடுத்தேன். வெள்ளிமலை ரூபாய் அதுவரை சட்டைப் பையிலும் மேஜை டிராயரிலுமாகத்தான் கிடந்தது. என் கோணல் கையெழுத்திலேயே 'கழுவியது' என்று அட்டை எழுதி, அதற்குரிய கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு புது அட்டை உறை இருந்தது. நடுவட்டத்தில் காசுக்குப் பதிலாக ஒரு படம், அளவாக வெட்டி ஒட்டியது. ஸ்டுடியோக்காரர் எடுத்த அந்த மழமழ முகம். கீழே குண்டு குண்டான எழுத்து.

'பெண் தலை. கறை ஏதும் இல்லை. கழுவியது. கழுவியவர்: அப்பா.'

லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன், லென்ஸே தேவையில்லாத எழுத்தை. மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சரியாத்தான எழுதியிருக்கா" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் எப்போதோ மகள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் ஆல்பத்தைத் திறக்காமலே இத்தனை நாள் கடத்தியிருக்கிறேன்.

பழக்க தோஷம், எந்தக் காசையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வைக்க மாட்டேன். உறையைத் திருப்பினேன். பின்னால் பென்சிலில் இரண்டு வரி இருந்தது.

'கழுவாதது நைனார்பாளையத்தில் உள்ளது. நேரில் வந்து பார்க்கவும்.'

கண்ணில் தண்ணீர் வந்து, கையுறையோடு துடைத்துக்கொண்டேன். பருத்தித் துணியில் ஈரம் பட்டால் அந்தக் கையுறை அப்புறம் காசுக்கு ஆகாது. போகட்டும் என்று கழற்றி மேஜை மேல் போட்டேன்.

"வண்டிச் சாவி எங்கடி?" என்றேன்.

"நானும் வரேன், இருங்க" என்று மனைவி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னாடி வாசலில் நின்றாள்.